வணிகர் கொடையும் கம்பெனி தர்மமும்: தன்னலமா, பிறர்நலமா?

 

 

நமது டெல்டாப் பகுதியின் ஊர்களில் நடந்து செல்லும்போது, பள்ளிக்கூடச் சுவரிலோ, குடிநீர்த் தொட்டியிலோ, பேருந்து நிழற்குடையிலோ ஏதேனும் ஒரு கம்பெனியின் பெயர் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். ‘சி.எஸ்.ஆர். நிதி’ என்று அதைச் சொல்கிறார்கள். பெருநிறுவனங்கள் தம் சமூகப் பொறுப்பு என்ற பெயரில் செலவிடும் பணம் அது. இதைக் குறித்து மக்களிடையே இரண்டு பேச்சுகள் உண்டு. இது தர்மமே அல்ல, விளம்பரம் என்பார் சிலர். கொடுப்பவரை ஏன் குறை கூற வேண்டும், எந்தக் கை கொடுத்தால் என்ன, ஏழைப் பிள்ளைக்கு வகுப்பறை கிடைத்ததே என்பார் வேறு சிலர். நமது ஜமாஅத்துகள் நடத்தும் பள்ளிகளுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் இத்தகைய உதவிகள் வரும் காலம் இது. ஆகவே இக்கேள்விக்குச் சரியான விடை காண்பது நிர்வாகிகளுக்கும் குடும்பத்தாருக்கும் அவசியமாகிறது. விடையை யூகத்தில் தேடாமல் வரலாற்றில் தேடுவோம்.

மக்காவின் ஒரு வள்ளல்

நபித்துவத்திற்கு முந்திய மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்றொரு செல்வர் இருந்தார். குறைஷியரின் தைம் கிளையைச் சேர்ந்தவர். உறவினரை ஆதரித்தார், ஏழைகளுக்கு உணவளித்தார், அவருடைய விருந்துப் பாத்திரத்தின் பெருமை அரபுலகம் எங்கும் பேசப்பட்டது. அவர் இறந்து, இஸ்லாம் வந்து, பல ஆண்டுகள் கழிந்தபின், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அவரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவினார்கள்: அம்மனிதர் செய்த உபகாரங்கள் மறுமையில் அவருக்குப் பயன் தருமா? தராது என்று விடை வந்தது. தீர்ப்பு நாளில் தன் பாவத்தை மன்னிக்குமாறு அவர் ஒரு நாளேனும் இறைவனிடம் கேட்டதில்லை என்பதே காரணம். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

ஆனால் அதே மனிதரின் வீட்டில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. யமன் நாட்டின் ஸபீத் என்னும் ஊரிலிருந்து வந்த வணிகர் ஒருவரிடம் ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷித் தலைவன் சரக்கை வாங்கிக்கொண்டு விலையைக் கொடுக்க மறுத்தான். அந்நியர் முறையிட்டார். குறைஷியரில் நெஞ்சில் ஈரமுள்ள சில கிளையினர் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் கூடி, மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவர் உள்ளூராரானாலும் வெளியூராரானாலும், அவருடைய ஹக்கு திரும்பக் கிடைக்கும் வரை அவர் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தனர். அதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். இளைஞராயிருந்த நாயகம் (ஸல்) அவர்கள் அச்சபையில் பங்கு கொண்டார்கள். பிற்காலத்தில், விலையுயர்ந்த சிவப்பு ஒட்டகங்களுக்கு ஈடாகவும் அதை விட்டுக்கொடுக்க விரும்பமாட்டேன் என்றும், இஸ்லாத்திலும் அதன் பெயரால் அழைக்கப்பட்டால் நான் பதிலளிப்பேன் என்றும் கூறினார்கள்.

சகோதரர்களே! இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொடுத்தவரின் மறுமைக்கு அக்கொடை உதவவில்லை. அவர் வீட்டில் உருவான நற்செயலையோ நாயகம் (ஸல்) அவர்கள் இறுதிவரை போற்றினார்கள். ஆகவே இங்கு இரண்டு தராசுகள் இருக்கின்றன. ஒன்று நிய்யத்தை நிறுக்கும் தராசு. அது அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. மற்றொன்று செயலை நிறுக்கும் தராசு. அது நம் கையில் தரப்பட்டுள்ளது. தன்னலமா, பிறர்நலமா என்ற விவாதத்தில் ஏற்படும் குழப்பங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாகக் கலப்பதால் வருபவை.

தமிழகத்து முஸ்லிம் வணிகர்கள்

நம் தமிழ் மண்ணில் கொடை என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. இறந்த பின்னும் கொடுத்தவர் என்று சமய வேறுபாடின்றித் தமிழர் சொல்லும் பெயர் அது. பதினேழாம் நூற்றாண்டில், கிழவன் சேதுபதியின் காலத்தில், கடல் வணிகத்தில் ஈட்டிய பொருளைப் புலவர்க்கும் ஏழைக்கும் வழங்கினார். உமறுப் புலவரின் சீறாப்புராணம் அவருடைய ஆதரவில் தொடங்கி, அவர் மறைந்தபின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரக்காயரின் ஆதரவில் தொடர்ந்தது. அக்காப்பியத்தில் பாராட்டப்படுபவர் அபுல் காசிம் மரக்காயர்தாம். தொடங்கிவைத்த சீதக்காதியின் பெயரை அதில் காண முடியவில்லை என்பது தமிழறிஞர்கள் எடுத்துக்காட்டும் செய்தி. ஏட்டில் இடம் பெறாத பெயர் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது.

பின்னர் தோல் வணிகத்தின் காலம் வந்தது. வட ஆற்காட்டுப் பகுதி முஸ்லிம்கள் பதனிட்ட தோலைக் கப்பலேற்றிப் பொருளீட்டினர். அப்பொருளில் ஒரு பகுதி கல்விக்குத் திரும்பியது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் எழுந்தது. மேல்விஷாரத்தில் பிறந்த சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் (1863–1938) சென்னையில் தோல் வணிகம் செய்து, சென்ட்ரல் இரயில் நிலையத்தின் எதிரே பயணிகள் தங்குவதற்கு ஸித்தீக் சராயைக் கட்டினார். அவர் மறைந்து 27 ஆண்டுகளுக்குப் பின், 1965-இல் அவர் பெயரால் மேல்விஷாரத்தில் ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது.

நமக்கு அண்மையில் உள்ள திருச்சிராப்பள்ளியில் 1951-இல் ஜமால் முஹம்மது கல்லூரி நிறுவப்பட்டது. ஹாஜி எம். ஜமால் முஹம்மது சாஹிப், ஜனாப் என்.எம். காஜாமியான் ராவுத்தர் ஆகிய இரு வணிகப் பெருமக்களின் கொடை அதற்கு அடித்தளம். நமது தஞ்சை மாவட்டத்திலேயே, அதிராம்பட்டினத்தில், எம்.கே.என். மதரஸா டிரஸ்ட்டின் கீழ் 1955-இல் காதிர் முகைதீன் கல்லூரி உருவாயிற்று. ஹாஜி எஸ்.எம்.எஸ். ஷேக் ஜலாலுதீன் அவர்களின் முயற்சி அது. இக்கல்லூரிகளில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர். டெல்டாவின் நெல் விவசாயக் குடும்பங்களில் முதன்முதலில் பட்டம் பெற்ற பலருக்கு இக்கல்லூரிகளே வாசலாயின.

இவ்வணிகர்கள் எதையும் எதிர்பாராமல்தான் கொடுத்தார்களா? அவர்களுடைய இதயத்தைத் திறந்து பார்க்க நமக்கு அதிகாரமில்லை. கல்லூரிக்குச் சூட்டப்பட்ட பெயரில் குடும்பத்தார்க்குப் பெருமை உண்டு. படித்த இளைஞர்களால் வணிகச் சமூகத்திற்கும் இலாபம் உண்டு. அதனால் அக்கொடை தர்மமாகாது என்று சொல்லலாமா? இதே வினா ஒருமுறை நீதிமன்றத்தின் முன் வந்தது. அதன் கதையை முஸ்லிம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும்.

1894-இல் ஒரு தீர்ப்பு

வங்காளத்தைச் சேர்ந்த சகோதரர் இருவர் தம் சொத்தை வக்ஃபு செய்தனர். அதன் வருமானம் தலைமுறை தலைமுறையாகத் தம் சந்ததிக்கும், சந்ததி அற்றுப்போனால் ஏழைகளுக்கும் சேர வேண்டும் என்பது அதன் வாசகம். அந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1894-இல் அந்நீதிபதிகள் இந்த வக்ஃபு செல்லாது என்றனர். சொந்தக் குடும்பத்திற்குக் கொடுப்பது தர்மமன்று. ஏழைகளின் பெயர் இதில் வெறும் போர்வை என்பது அவர்கள் கருத்து. ஆங்கிலச் சட்டம் தன்னலத்திற்கும் பிறர்நலத்திற்கும் இடையே ஒரு சுவரை எழுப்பி வைத்திருந்தது. அச்சுவரை நம் ஷரீஅத்தின் நடுவிலும் எழுப்பினார்கள்.

இந்திய முஸ்லிம்கள் இதை ஏற்கவில்லை. நீதிபதி அமீர் அலி, மவ்லானா ஷிப்லி நுஃமானி போன்றோர் எடுத்துரைத்தனர். 1911-இல் முஹம்மது அலி ஜின்னா சட்டமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 1913-இல் அது சட்டமாகி, குடும்பத்திற்கான வக்ஃபும் செல்லும் என்பதை உறுதி செய்தது.

இந்த விவாதத்தில் நமது உலமாக்களின் வாதம் எளிமையானது. மனைவியின் வாயில் ஊட்டும் கவளத்திற்கும் நன்மை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். உறவினர்க்குக் கொடுப்பதில் தர்மத்தின் கூலியும் உறவைப் பேணிய கூலியும் என இரு கூலிகள் உண்டு. உமர் (ரலி) அவர்கள் கைபர் நிலத்தை வக்ஃபு செய்தபோது, அதை விற்கக்கூடாது, அன்பளிப்பாக வழங்கக்கூடாது, வாரிசுரிமையாகப் பிரிக்கக்கூடாது என்று நிபந்தனையிட்டார்கள். அதே வேளையில், அதை நிர்வகிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம் என்றும் அனுமதித்தார்கள். ஆகவே பயன் தன்பக்கம் சிறிது திரும்பினாலே தர்மம் அழிந்துவிடும் என்பது நமது மார்க்கத்தின் கொள்கை அல்ல.

அப்படியானால் எல்லை எங்கே? உதுமான் (ரலி) அவர்களின் வரலாறு அதைக் காட்டுகிறது. ஹிஜ்ரத்திற்குப் பின் மதீனாவில் நல்ல தண்ணீர் அரிதாயிருந்தது. ரூமா என்ற கிணற்றின் நீர் விலைக்கு விற்கப்பட்டது. அதை வாங்கி, தன் வாளியும் மற்ற முஸ்லிம்களின் வாளியும் அதில் சமமாயிருக்கச் செய்பவர் யார், அவருக்குச் சுவனத்தில் அதைவிடச் சிறந்தது உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். உதுமான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பொருளில் வாங்கி அர்ப்பணித்தார்கள். கவனியுங்கள். கொடுத்தவர் அக்கிணற்றில் நீர் இறைக்கக்கூடாது என்று சொல்லப்படவில்லை. அவருடைய வாளியும் இறங்கும். ஆனால் அதற்கு முன்னுரிமை இல்லை. வரிசையில் அதுவும் ஒன்று.

காவிரிக் கரையில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். நமது முன்னோர் குடிமராமத்து என்ற வழக்கத்தை வைத்திருந்தனர். தண்ணீர் வருவதற்கு முன் ஊரார் ஒன்றுகூடி வாய்க்காலைத் தூர் வாருவார்கள். இவ்வழக்கத்தை 1858-இல் ஆங்கில அரசு சென்னை மாகாணத்தில் சட்டமாகவே எழுதிவைத்தது. வாய்க்காலில் மண்வெட்டியுடன் இறங்கியவர் தன் வயலுக்காக வெட்டினாரா, கடைமடைக்காரரின் வயலுக்காக வெட்டினாரா? இரண்டையும் பிரிக்க இயலாது. ஆயினும் ஒரு குற்றம் அங்கே உண்டு. தலைமடையில் இருப்பவர், நான் அதிகம் உழைத்தேன் என்று கூறி மடையை அடைத்துக்கொண்டால், அவர் செய்த மராமத்து அந்த நொடியே பொதுக் காரியம் என்ற பெயரை இழந்துவிடுகிறது. கொடையாளியும் பயன் பெறலாம். கொடையைக் காட்டி மடையை அடைக்கலாகாது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு இக்காலக் கம்பெனிகளிடம் வருவோம்.

நெஞ்சில்லாத நபர்

சீதக்காதியும் அப்துல் ஹக்கீமும் தம் பொருளைக் கொடுத்தனர். கம்பெனி அப்படியல்ல. சட்டம் அதை ஒரு நபராக மதிக்கிறது. சொத்து வாங்கும், வழக்காடும். ஆனால் அதற்கு கல்பு இல்லை. தொழுகையும் இல்லை, மரணமும் இல்லை, கேள்வி கணக்கும் இல்லை. நிர்வாகிகள் கையாளும் பணம் பங்குதாரர்களுடையது. ஆகவே கம்பெனியின் நிய்யத் என்ன என்று கேட்பதில் பொருளில்லை. அதன் பின்னால் நிற்கும் மனிதர்களுக்கே நிய்யத் உண்டு.

இதில் மேலை நாடுகளிலும் நெடுங்காலம் தடுமாற்றம் இருந்தது. 1883-இல் வெஸ்ட் கார்க் இரயில்வே கம்பெனியின் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம், கம்பெனியின் நலனுக்கு உதவும் அளவில்தான் அதன் பணத்தில் தாராளம் காட்டலாம் என்று கூறியது. அமெரிக்காவில் தண்ணீர்க் குழாய்களுக்கான வால்வு தயாரித்த ஏ.பி. ஸ்மித் என்ற கம்பெனி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற்கு 1,500 டாலர் கொடுத்தது. பங்குதாரர்கள் ஆட்சேபித்தனர். 1953-இல் நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் அந்நன்கொடை செல்லும் என்றது. கல்வி வளர்ந்த சமூகத்தில்தான் வணிகமும் வளரும் என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. 1970-இல் பொருளியல் அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன், கம்பெனியின் பொறுப்பு சட்டத்திற்கு உட்பட்டு இலாபம் ஈட்டுவதே. நிர்வாகி தர்மம் செய்தால் பிறர் பணத்தில் செய்கிறார் என்று வாதிட்டார். அவருடைய முடிவை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதில் ஓர் உண்மை உள்ளது. நமது ஃபிக்ஹு நூல்களும் அதை அறியும். பிறர் பொருளைக் கையாளும் வக்கீல், உரியவரின் அனுமதியின்றி அதை அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது.

இதனால்தான் 1988-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு சபை, கம்பெனிப் பங்குகளின் ஜகாத் பங்குதாரர்கள் மீதே கடமை என்றும், உரிய அனுமதியோ விதியோ இருக்கும்போது கம்பெனி அவர்கள் சார்பாக அதை நிறைவேற்றலாம் என்றும் முடிவு செய்தது. கடமை மனிதருடையது, கம்பெனி அதைக் கொண்டு சேர்க்கும் கை மட்டுமே.

இந்தியாவில் இதற்கு ஒரு பழைய உதாரணம் டாட்டா குழுமம். ஜாம்செட்ஜி டாட்டாவின் கொடையால் 1909-இல் பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகம் உருவாயிற்று. 1912-இலேயே ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் எட்டு மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது. சட்டம் அதைக் கேட்பதற்கு வெகு காலத்திற்கு முன்பு. குழுமத்தின் தலைமைக் கம்பெனியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அறக்கட்டளைகளிடம் உள்ளது. ஆயினும் அதே ஜாம்ஷெட்பூரில் 1920, 1922, 1928 ஆகிய ஆண்டுகளில் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். கொடை பெரிதாயிருப்பதால் உழைப்பவனின் குறை தானாகத் தீர்ந்துவிடுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

சட்டம் வாங்கும் தர்மம்

நமது நாட்டில் 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், அதன் 135-ஆம் பிரிவில், இச்செலவைக் கடமையாக்கியது. 2014 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர இலாபமோ உள்ள கம்பெனிகள், முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கம்பெனி இயங்கும் வட்டாரத்திற்கு முன்னுரிமை தர வேண்டும். தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவும், அரசியல் கட்சிக்குக் கொடுப்பதும் இதில் சேராது. தொடக்கத்தில், செலவிடாவிட்டால் காரணத்தைத் தெரிவித்தால் போதுமென்றிருந்தது. 2021 ஜனவரியில் விதிகள் இறுக்கப்பட்டு, செலவிடாத தொகையை உரிய நிதியிலோ தனிக் கணக்கிலோ சேர்க்காவிட்டால் அபராதம் என்றாயிற்று.

கட்டாயத்தால் கொடுப்பது தர்மமாகுமா என்று கேட்பவர்களுக்கு நமது வரலாற்றில் விடை உண்டு. நாயகம் (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் ஜகாத்தைக் கொடுக்க மறுத்தவர்களிடம் அபூபக்ர் (ரலி) அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே தேடப்பட்டது செல்வந்தரின் மனக் கனிவு அன்று, ஏழையின் பங்கு. செல்வத்தில் ஏழைக்கு அறியப்பட்ட ஹக்கு உண்டு என்று குர்ஆன் கூறுகிறது. ஹக்கை வாங்கிக் கொடுப்பது ஆட்சியின் கடமை. அதில் கிடைக்கும் கூலி கொடுப்பவரின் உள்ளத்தைப் பொறுத்தது.

எனினும் இரண்டும் ஒன்றல்ல. ஜகாத் யாருக்குச் சேர வேண்டும் என்பதை அத்தவ்பா அத்தியாயம் எட்டு வகையினராக வரையறுத்துவிட்டது. கொடுப்பவர் தன் வசதிக்கு மாற்ற முடியாது. தன் பெற்றோருக்கோ பிள்ளைகளுக்கோ அதைக் கொடுக்க முடியாது. சி.எஸ்.ஆர். நிதியிலோ எங்கே, எதற்கு என்பதைச் சட்டத்தின் பட்டியலுக்குள் கம்பெனியே முடிவு செய்கிறது; அப்பட்டியலை அரசு வரைகிறது. 2020-இல் கொரோனா பரவியபோது, பிரதமரின் பி.எம். கேர்ஸ் நிதிக்குக் கொடுப்பது இக்கணக்கில் சேரும், முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுப்பது சேராது என்று மத்திய அமைச்சகம் விளக்கம் வெளியிட்டது. வாய்க்கால் எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் கடைமடைக்காரன் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஹக்கு முந்தியது

இனி ஹில்ஃபுல் ஃபுளூலுக்குத் திரும்புவோம். ஊரெல்லாம் விருந்துண்ட அந்த வள்ளலின் வீட்டில் அன்று பேசப்பட்ட பொருள் விருந்தன்று. ஒரு வணிகருக்குக் கொடுக்கப்படாத சரக்கின் விலை. தர்மத்திற்கு முன் கடன், கொடைக்கு முன் ஹக்கு. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்ற நபிமொழி நாம் அறிந்ததே. கரும்பு விவசாயிக்கும் நாட்டின் சட்டம் இதையொத்த ஒரு பாதுகாப்பைத் தந்திருக்கிறது. கரும்பை ஒப்படைத்த 14 நாட்களுக்குள் ஆலை விலையைக் கொடுக்க வேண்டும், தவறினால் வட்டியுடன் கொடுக்க வேண்டும் என்பது 1966-ஆம் ஆண்டின் ஆணை. (அந்த வட்டியை வாங்குவது நமக்குக் கூடுமா என்பது வேறு விஷயம்.) அப்படியிருந்தும், பாபநாசம் அருகே திருமண்டங்குடியில், கரும்பு நிலுவைத் தொகை கேட்டு விவசாயிகள் 2022 இறுதியில் ஆலையின் முன் தொடங்கிய போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. இப்படி நிலுவை நிற்கும் இடத்தில் எவர் எத்தனை மருத்துவ முகாம் நடத்தினாலும், முதல் கேள்வி நிலுவையைப் பற்றியதாகவே இருக்க வேண்டும்.

மண்ணுக்கும் ஹக்கு உண்டு. 2017 ஜூன் 30 அன்று நமது மாவட்டத்தின் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டு, மக்கள் திரண்டு, தடியடியும் கைதுகளும் நிகழ்ந்தன. அதே பொதுத்துறை நிறுவனம் டெல்டாக் கிராமங்களில் சமூகப் பணிகளும் செய்துவருகிறது. பணிகளைப் பெற்ற ஊர் கசிவைப் பற்றிப் பேசக்கூடாது என்று எவரேனும் நினைத்தால், அது கொடையன்று, வாய்ப்பூட்டின் விலை. 2020-இல் தமிழக அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியதற்கு மக்கள் பேசியதும் ஒரு காரணம்.

பிறரை மட்டும் சுட்டிக்காட்டி நாம் தப்பிவிட முடியாது. நம் சமூகத்திற்குக் கல்லூரிகளைத் தந்த அதே தோல் தொழிலால் பிற்காலத்தில் பாலாறு பாழ்பட்டது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அத்தொழிலில் நம்மவர் பலர் இருந்தனர். பள்ளிக்கூடம் கட்டிய நன்மை ஒரு பக்கம் இருக்க, கிணறு கெட்ட விவசாயியின் ஹக்கு மறுபக்கம் அப்படியே நிற்கிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்க ஷரீஅத்தில் இடமில்லை. அல்லாஹ் தூய்மையானவன், தூய்மையானதையே ஏற்கிறான் என்ற நபிமொழியின் எச்சரிக்கை நம் வீட்டு வாசலிலும் ஒலிக்க வேண்டும்.

ஏற்பதும் எச்சரிக்கையும்

ஆகவே ஒரு கம்பெனி நமது ஊர்ப் பள்ளிக்கு உதவ முன்வந்தால் ஜமாஅத் என்ன செய்வது? பிற சமயத்தாரின் அன்பளிப்பை ஏற்பது கூடும். மிஸ்ரின் முகவ்கிஸ் மன்னர் அனுப்பியவற்றை நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றார்கள். ஆனால் வட்டி, மது போன்ற ஹராமே அதன் தொழிலாக உள்ளதா என்று விசாரிக்க வேண்டும். உழைத்தவர்க்கும் விற்றவர்க்கும் அது கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டதா என்று கேட்க வேண்டும். உதவியுடன் சேர்ந்து வரும் நிபந்தனைகளை எழுத்தில் வாங்கிப் படிக்க வேண்டும். கட்டி முடித்தபின் அது யாருடைய உடைமை, பராமரிப்பு யாருடையது என்பதை முன்கூட்டியே தெளிவாக்க வேண்டும். ஊரார் நாளை ஒரு குறையைச் சொல்ல நேர்ந்தால், இக்கொடை அவர்கள் நாவைக் கட்டுமா என்று சிந்திக்க வேண்டும். கொடுத்தவரின் வாளி வரிசையில் நிற்கிறதென்றால் நன்றியுடன் ஏற்கலாம். அது வரிசையைத் தள்ளிக்கொண்டு முன்னே வருகிறதென்றால், வகுப்பறையின்றி இன்னும் ஓராண்டு மரத்தடியில் இருப்பதே மேல்.

நற்செயலின் தோற்றத்தில் ஏமாறக்கூடாது என்பதற்கு மஸ்ஜிதுள் ளிராரின் வரலாறு சான்று. ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டில், நோயாளிகளுக்கும் மழை இரவுகளுக்கும் உதவும் என்று சொல்லி நயவஞ்சகர்கள் குபாவுக்கு அருகே ஒரு பள்ளிவாசலைக் கட்டினார்கள். முஃமின்களைப் பிளவுபடுத்துவதே அவர்களின் திட்டம். அதை அல்லாஹ்தான் வஹீ மூலம் வெளிப்படுத்தினான். அதன் பின்பே நாயகம் (ஸல்) அவர்கள் அதை இடிக்கச் செய்தார்கள்.

நமக்கு வஹீ இல்லை. ஆகவே உள்நோக்கத்தைக் கண்டுவிட்டதாக நாம் துணிந்து பேசக்கூடாது. அதே அத்தவ்பா அத்தியாயம் வேறொரு கூட்டத்தையும் கண்டிக்கிறது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் பெருந்தொகை கொண்டுவந்தபோது அக்கூட்டத்தார் அதை முகஸ்துதி என்றார்கள். கூலி வேலை செய்து ஒரு ஸாவு பேரீச்சம்பழம் கொண்டுவந்த அபூ அகீல் (ரலி) அவர்களைப் பார்த்து, இது அல்லாஹ்வுக்குத் தேவையா என்றார்கள். அதிகம் கொடுத்தாலும் பழி, குறைவாகக் கொடுத்தாலும் பழி. கொடுப்பவரின் நெஞ்சைப் பிளந்து பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர் தாம் எதையும் கொடுப்பதில்லை என்பதை அன்றைய மதீனா கண்டது.

இக்லாஸைப் பற்றிய விசாரணை பிறர் மீது நடத்துவதற்கன்று. நம் மீது நடத்துவதற்கு. தர்மசீலன் என்று பெயர் வாங்குவதற்காகக் கொடுத்த செல்வன், தீர்ப்பு நாளில் முதலில் விசாரிக்கப்படும் மூவரில் ஒருவன் என்று ஹதீஸ் கூறுகிறது. பள்ளிவாசல் மின்விசிறியில் நாம் எழுதும் ‘உபயம்’ என்ற வரி, விசிறி சுழன்று காற்றுத் தரும்போது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அது நின்றுபோன வேளையில்தான் படிக்கக் கிடைக்கிறது. ரமளானில் நோன்புக் கஞ்சிக்குப் பணம் கொடுக்கும் கடைக்காரர், தன் கடையில் வேலை செய்யும் பையனின் மாதச் சம்பளம் அன்றே கொடுக்கப்பட்டுவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும். நெல் வாங்கும் வியாபாரி, எடையைச் சரியாக நிறுத்தபின் ஸதகாவை எடுக்கட்டும். கம்பெனியில் பணிபுரியும் நம் பிள்ளைகள், தம் நிர்வாகம் ஒதுக்கும் சமூக நிதி உண்மையான தேவையுள்ள ஊருக்குப் போகும்படி தம்மால் இயன்றதைச் சொல்லட்டும். பங்கு வைத்திருப்பவர்கள் தம் ஜகாத்தைத் தாமே கணக்கிடட்டும். கம்பெனியின் 2 சதவீதம் அவர்களுடைய கடமையை நிறைவேற்றாது.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்குவாயாக! பிறர் ஹக்கை எங்கள் கழுத்தில் சுமந்தபடி தர்மம் செய்பவர்களாக எங்களை ஆக்கிவிடாதே! எங்கள் ஊருக்குக் கல்வியும் நீரும் தந்த முன்னோரின் கொடைகளைக் கபூல் செய்வாயாக! எங்கள் கொடைகளில் முகஸ்துதியின் அழுக்கை நீக்குவாயாக! எங்கள் காவிரியில் தண்ணீரையும், தலைமடை தொடங்கிக் கடைமடை வரை எங்கள் உள்ளங்களில் நீதியையும் பெருகச் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.